பிள்ளையைப் பார்க்க வருகிறவர்கள் தாயையும் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

கர்ப்பம், பிரசவம், அதன் பிறகான முதல் ஆறு வாரங்கள் பற்றி வந்த கடிதங்களில் இம்முறை தாய்மார்களைவிட அவர்களுக்குத் துணை நிற்பவர்கள் எழுதியவை அதிகம். கணவர்கள், அம்மாக்கள், ஒரு அக்கா. அவற்றையே பெரும்பாலும் எடுத்துக்கொண்டோம். இங்கே சொல்லும் அளவுகள் சிக்கலில்லாத கர்ப்பத்துக்கானவை. உங்கள் மருத்துவர் வேறு சொல்லியிருந்தால் அவர் சொன்னதுதான் கணக்கு.

கேள்வி: என் மனைவிக்கு இது 37-வது வாரம், முதல் பிரசவம். பிரசவ அறையில் நான் கூட இருக்கலாம் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். உள்ளே போய் நான் என்ன செய்வது? சும்மா நின்று இடைஞ்சல் செய்வேனோ என்று பயமாக இருக்கிறது.

சும்மா இருந்தாலே பாதி வேலை முடிந்தது, வெளியே போய்ப் போய் வராமல் இருந்தால். குவாத்தமாலாவில் நடந்து 1980-ல் வெளியான ஆய்வில், முன்பின் தெரியாத ஒரு பெண் வலி நேரம் முழுவதும் பக்கத்திலேயே இருந்த தாய்மாருக்குப் பிரசவ நேரம் குறைந்தது. பிறகு பல நாடுகளில் செய்த ஆய்வுகளும் இதையே சொல்கின்றன: இடைவிடாத துணை இருந்தால் சுகப்பிரசவ வாய்ப்பு கூடுகிறது, சிசேரியனும் வலி மருந்தின் தேவையும் குறைகின்றன. பிரசவத்தின்போது தாய் விரும்பும் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையும்கூட. இதையே தொழிலாகச் செய்பவர்களை டூலா என்கிறார்கள். நீங்கள் டூலா ஆக வேண்டியதில்லை. நாலைந்து காரியம் தெரிந்தால் போதும்.

முதலில் முதுகு. பலருக்கு வலி வயிற்றைவிட இடுப்பின் பின்பக்கம்தான் பிளக்கும். முதுகுத்தண்டு முடிகிற இடத்தில், பிட்டத்துக்குச் சற்று மேலே, முக்கோணமாக ஒரு தட்டையான எலும்பு இருக்கிறது. வலி ஏறத் தொடங்கியதும் உள்ளங்கையின் அடிப்பகுதியை அதன்மேல் வைத்து, முழங்கையை மடக்காமல், உங்கள் உடல் எடையைச் சாய்த்து அழுத்துங்கள். தேய்க்க வேண்டாம். ஒரே இடத்தில், ஒரே அளவு அழுத்தம், வலி முழுதாக இறங்கும்வரை. கைப்பலத்தால் அழுத்துகிறவருக்குப் பத்து வலிக்குள் தோள் கழன்றுவிடும். எடையைச் சாய்த்து அழுத்தினால் மணிக்கணக்கில் தாங்கும். "இன்னும் கீழே", "இன்னும் பலமாக" என்று அவரே சொல்லுவார். "தொடாதீங்க" என்றால் கையை எடுத்துவிடுங்கள், முகம் சுளிக்காமல். பத்து நிமிடத்தில் அவரே திரும்பக் கேட்கலாம். வீட்டிலேயே இப்போது இரண்டு முறை பழகிப் பாருங்கள், இடம் பிடிபடும்.

அடுத்தது சிறுநீர். வலியில் அவருக்கு அது நினைவிருக்காது. இரண்டு மணிக்கொரு தரம் எழுப்பிக் கூட்டிப்போங்கள். நிறைந்த மூத்திரப்பை குழந்தையின் தலை இறங்குவதற்கு இடைஞ்சல். பிறந்தபின் கருப்பை சுருங்குவதையும் அதுவே கெடுக்கும், ரத்தப்போக்கு கூடும்.

மல்லாந்து படுக்க விடாதீர்கள். கனத்த கருப்பை முதுகுப்பக்கம் ஓடும் பெரிய ரத்தக்குழாயை அழுத்தி பி.பி.யை இறக்கிவிடும். நிற்கலாம், உங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு சாயலாம், நாற்காலியில் பின்பக்கமாகத் திரும்பி உட்காரலாம், ஒருக்களித்துப் படுக்கலாம். அரைமணிக்கு ஒரு முறை நிலையை மாற்றச் சொல்லுங்கள். முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டிருந்தால் நடக்க முடியாது. அப்போதும் பக்கம் மாற்றிப் படுக்கவைக்கலாம்.

வலியின் நடுவே கேள்வி கேட்காதீர்கள். "தண்ணீர் வேணுமா?" என்பதைக்கூட இரண்டு வலிக்கு இடையில் கேளுங்கள். அல்லது கேட்காமலே உறிஞ்சுகுழலை உதட்டருகே நீட்டுங்கள். "கத்தாதே", "இன்னும் கொஞ்சம்தான்" இரண்டும் வேண்டாம். இன்னும் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியாது. மருத்துவர் ஏதாவது செய்யப்போவதாகச் சொன்னால், மனைவி சார்பில் மூன்று கேள்வி கேட்கலாம்: இது ஏன் தேவைப்படுகிறது, வேறு வழி உண்டா, சற்றுப் பொறுத்துப் பார்க்கலாமா. அவசரம் என்று பதில் வந்தால் விலகி நில்லுங்கள்.

இரண்டு விஷயத்தை முன்கூட்டியே பேசிவிடுங்கள். குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடியைக் கவ்வ ஒன்று முதல் மூன்று நிமிடம் பொறுக்க முடியுமா? குழந்தையைத் துடைத்து நேரே தாயின் வெற்று மார்பில் ஒரு மணி நேரம் விட்டுவைப்பார்களா? இருவரும் நலமாக இருந்தால் இரண்டுக்கும் தடை இருக்காது.

நீங்களும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். பிரசவ அறையில் மயங்கி விழும் கணவர்கள் நிறைய. தலை சுற்றினால் வெட்கப்படாமல் தரையில் உட்கார்ந்துவிடுங்கள்.

கேள்வி: எப்போது மருத்துவமனைக்குக் கிளம்புவது? பனிக்குடம் உடைந்தால்?

ஒரு வலி தொடங்கிய நேரத்திலிருந்து அடுத்த வலி தொடங்கும் நேரம்வரை கணக்கிடுங்கள். பலர் வலி முடிந்ததிலிருந்து எண்ணி ஏமாறுகிறார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் நீடிப்பது, இப்படியே ஒரு மணி நேரம் என்றால் முதல் பிரசவத்துக்குக் கிளம்பும் நேரம். இரண்டாவது பிரசவம் என்றாலோ, மருத்துவமனை தூரம் என்றாலோ இதற்கு முன்பே கிளம்புங்கள். எழுந்து நடந்தாலும் படுத்தாலும் அடங்கிவிடுவது பொய்வலி.

பனிக்குடம் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும். ஒரு பேட் வைத்துக்கொண்டு மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: மணி, நிறம், வாடை. தெளிவாகவோ இளமஞ்சளாகவோ இருந்தால் பதற்றமில்லை. பச்சை, பழுப்பு என்றால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது, உடனே போக வேண்டும். ரத்தம் கொட்டினாலும், கெட்ட வாடை இருந்தாலும், 37 வாரம் முடியாமல் உடைந்தாலும் அப்படியே. உடலுறவு வேண்டாம். கொடிபோல ஏதாவது வெளியே தெரிந்தால் தொடாதீர்கள், உள்ளே தள்ளாதீர்கள். முழங்கால் போட்டு, மார்பு தரையில் படும்படி குனிந்து, இடுப்பு உயர்ந்திருக்கும் நிலையிலேயே ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். தலை கொடியை நசுக்காமலிருக்க அதுதான் வழி.

கேள்வி: இரும்பு மாத்திரை சாப்பிட்டால் குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது. நிறுத்திவிடலாமா?

வேண்டாம். கறுப்பு நிறம் செரிக்காத இரும்பால் வருவது, கெடுதலில்லை. கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 30 முதல் 60 மில்லிகிராம் தனிம இரும்பும் 400 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் என்பது பொதுக் கணக்கு. அட்டையில் போட்டிருக்கும் 200 மில்லிகிராம் என்பது இரும்பு கலந்த உப்பின் மொத்த எடை, தனிம இரும்பு என்பது அதிலுள்ள இரும்பு மட்டும். உலர்ந்த பெர்ரஸ் சல்பேட் 200 மில்லிகிராமில் இரும்பு ஏறக்குறைய 65 மில்லிகிராம்தான். குமட்டினால் இரவு படுக்கும்போது சாப்பிட்டுப் பாருங்கள். கால்சியம் மாத்திரையோடு சேர்க்காமல் இரண்டு மணி இடைவெளி விடுங்கள். டீ, காபி, பாலோடும் வேண்டாம், அவை இரும்பை ஏற விடாது. வைட்டமின் சி உள்ள பழச்சாறு ஏறுவதற்கு உதவும். அப்படியும் தாங்கவில்லை என்றால் வேறு உப்பு, குறைந்த அளவு, ஒருநாள் விட்டு ஒருநாள் என்று வழிகள் உண்டு. மருத்துவரிடம் கேளுங்கள். கேட்காமல் டப்பாவை அலமாரியில் ஒளித்துவைப்பதுதான் வழக்கமாக நடக்கிறது.

கேள்வி: மாதம் நெருங்க நெருங்கக் குழந்தைக்கு இடம் குறைவதால் அசைவும் குறையும் என்கிறார் என் மாமியார். சரிதானா?

தவறு, ஆபத்தான தவறும்கூட. அசைவின் விதம் மாறும், உதைப்பது புரள்வதாக ஆகலாம். ஆனால் பிரசவம்வரை குறையக் கூடாது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வழக்கம் உண்டு, அந்த வழக்கம் உங்களுக்குத்தான் தெரியும். சந்தேகம் வந்தால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து வேறு எதிலும் கவனம் வைக்காமல் எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு தெரியவில்லை என்றாலோ, பத்து தெரிந்தும் "வழக்கம்போல் இல்லை" என்று மனதில் பட்டாலோ அன்றே போக வேண்டும், விடியட்டும் என்று இருக்கக் கூடாது. வீட்டில் வாங்கிவைக்கும் இதயத்துடிப்புக் கருவியை நம்பி உட்காராதீர்கள். துடிப்பு கேட்பதால் மட்டும் குழந்தை நலம் என்று ஆகிவிடாது. 28 வாரத்துக்குப் பிறகு பக்கவாட்டில் படுத்தே தூங்கத் தொடங்குங்கள். நடு இரவில் மல்லாந்திருப்பதைப் பார்த்தால் பதறாமல் திரும்பிப் படுத்தால் போதும்.

கேள்வி: மகளுக்குக் குழந்தை பிறந்து மூன்று நாள். பால் இன்னும் இறங்கவில்லை, குழந்தை ஓயாமல் அழுகிறது. புட்டிப்பால் கொடுத்துவிடலாம் என்று தோன்றுகிறது.

அவசரப்படாதீர்கள், முதலில் டயப்பரைப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று நாள் சுரப்பது சீம்பால், வேளைக்கு ஒரு தேக்கரண்டி அளவுதான் வரும். பிறந்த குழந்தைக்கு அந்த நாட்களில் அதுவே போதும். நஞ்சுக்கொடி வெளியேறி ஹார்மோன் மாறியபின், இரண்டிலிருந்து நான்காம் நாளுக்குள் மார்பு கனத்துப் பால் பெருகும். முதல் பிரசவம், சிசேரியன், சர்க்கரை நோய், அதிக ரத்தப்போக்கு இருந்தால் இன்னும் சற்றுத் தாமதமாகலாம். அதுவரை செய்ய வேண்டியது 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை மார்பில் போடுவது.

போதுகிறதா என்று அழுகையை வைத்துச் சொல்ல முடியாது. முதல் நாள் ஒரு ஈர டயப்பர், இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று என்று ஏறி, ஐந்தாம் நாள்வாக்கில் ஆறோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். மலம் தார்போன்ற கறுப்பிலிருந்து பச்சையாகி, ஐந்தாம் நாளுக்குள் மஞ்சளாக வேண்டும். எடை முதலில் குறைந்து இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பும். பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தாலும், மஞ்சள் காமாலை ஏறினாலும், எழுப்பினாலும் பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலும், நான்கு நாளுக்குப் பிறகும் டயப்பரில் செங்கல் நிறக் கறை தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம். அப்போது மேற்கொண்டு பால் தேவைப்பட்டால், பீய்ச்சிய தாய்ப்பாலைக் கிண்ணத்திலோ கரண்டியிலோ கொடுப்பது முதல் வழி. அது போதாவிட்டால் தாய்ப்பால் வங்கி, பிறகு பால்மாவு. மருத்துவக் காரணத்துக்காகக் கொடுப்பதில் தலைகுனிவு ஒன்றுமில்லை.

பெரும்பாலும் கோளாறு பாலில் இருக்காது, வாய் பிடிப்பதில் இருக்கும். உதவுகிறவர்கள் செய்யும் முதல் தவறும் இங்கேதான்: குழந்தையின் பின்னந்தலையைப் பிடித்து மார்பில் அமுக்குவது. அப்படி அமுக்கினால் குழந்தை திமிறித் தலையைப் பின்னால்தான் தள்ளும். உங்கள் கை குழந்தையின் தோள்பட்டைக்கு இடையில், விரல்கள் கழுத்தடியில் இருக்கட்டும், தலை பின்னால் சாய இடம் வேண்டும். குழந்தையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டி, காது, தோள், இடுப்பு ஒரே கோட்டில். மூக்குக்கு நேரே காம்பு. மேலுதட்டைக் காம்பால் தொட்டுக் காத்திருங்கள். கொட்டாவி விடுவதுபோல வாய் அகலத் திறக்கும் அந்த நொடியில், தாடை முதலில் படும்படி, குழந்தையை மார்புக்குக் கொண்டுவர வேண்டும். மார்பைக் குழந்தைக்குக் குனிந்து கொடுத்தால் முதுகு போய்விடும்.

சரியாகப் பிடித்திருந்தால் காம்பைச் சுற்றிய கருவட்டம் கீழே மறைந்து மேலே சற்றுத் தெரியும். கன்னம் குழி விழாமல் உப்பியிருக்கும், விழுங்கும் சத்தம் கேட்கும். தொடக்கத்தில் சில நொடி இழுப்பு தெரியலாம். அதைத் தாண்டியும் வலித்தால் வாயோரத்தில் சுண்டுவிரலை விட்டுப் பிடிப்பைத் தளர்த்தி மறுபடி போடுங்கள். குடித்து முடித்ததும் காம்பைப் பாருங்கள். உருண்டையாக இருந்தால் சரி. புது லிப்ஸ்டிக்கின் நுனிபோலச் சாய்வாக நசுங்கியிருந்தால் குழந்தை நுனியை மட்டும் சப்பியிருக்கிறது.

பால் பெருகியதும் மார்பு கல்லாகிக் காம்பு தட்டையாகிவிடும். விரல்நுனிகளைக் காம்பைச் சுற்றி வைத்து ஒரு நிமிடம் நெஞ்சுப்பக்கம் மெதுவாக அழுத்தினால் அந்த இடம் இளகும், குழந்தை பிடிக்கும். பிறகு குளிர்ந்த துணி. கட்டியை விரலால் நசுக்கித் தேய்ப்பது திசுவைப் புண்ணாக்கும், வேண்டாம். ஓரிடம் சிவந்து காய்ச்சல் வந்தாலும் பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது. 24 மணி நேரத்தில் தணியாவிட்டால் மருந்து தேவைப்படும்.

கேள்வி: பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு எவ்வளவு நாள் இருக்கலாம்?

நான்கு முதல் ஆறு வாரம். முதல் சில நாள் சிவப்பு, பிறகு இளஞ்சிவப்பும் பழுப்பும், பத்து நாள்வாக்கில் மஞ்சள் கலந்த வெள்ளை. பால் கொடுக்கும்போதும் எழுந்து நடக்கும்போதும் கொஞ்சம் கூடும். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுதாக நனைந்தாலோ, முட்டை அளவுக் கட்டிகள் விழுந்தாலோ, துர்நாற்றம் வீசினாலோ, 38 டிகிரி செல்சியஸோ மேலோ காய்ச்சல் அடித்தாலோ காத்திருக்க வேண்டாம். வெளிறிய நிறம் மீண்டும் பளிச்சென்று சிவந்து பெருகினாலும் அப்படியே.

கேள்வி: சிசேரியனுக்குப் பிறகு படுக்கையிலிருந்து எழும்போது உயிர் போகிறது.

நேராக நிமிர்ந்து எழுவதால். அப்போது முழு இழுப்பும் தையலில்தான் விழும். முழங்கால்களை மடக்குங்கள். தோளும் இடுப்பும் ஒன்றாக, மரக்கட்டை உருள்வதுபோல, பக்கவாட்டில் திரும்புங்கள். கால்களைக் கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு, அதே நேரம் மேல்கையாலும் கீழ்முழங்கையாலும் படுக்கையை உந்துங்கள். கால்களின் எடையே உடம்பைத் தூக்கிவிடும். ஒரு நிமிடம் உட்கார்ந்து, தலை சுற்றவில்லை என்றபின் நில்லுங்கள். இருமும்போதும் சிரிக்கும்போதும் தலையணையைத் தையல்மேல் அணைத்துப் பிடியுங்கள். வலி மருந்தை வலி உச்சத்துக்கு வந்தபின் விழுங்காமல் சொன்ன நேரத்துக்கு எடுங்கள், நடக்க முடியும்.

நடந்தே ஆக வேண்டும், ரத்தக்கட்டு வராமலிருக்க. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், திடீரென்று மூச்சு முட்டினால் அது அவசரம். ஆறு வாரத்துக்குக் குழந்தையின் எடைக்கு மேல் எதையும் தூக்க வேண்டாம். மூத்த பிள்ளை ஓடிவந்தால் நீங்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள், அது ஏறி மடியில் வரட்டும்.

கேள்வி: கர்ப்பத்தில் எனக்கு பி.பி. இயல்பாகவே இருந்தது. பிரசவமாகி ஐந்தாம் நாள் தலைவலி, கண்ணில் பூச்சி பறக்கிறது. தூக்கமில்லாததால்தான் என்கிறார்கள்.

இவருக்கு அன்றே தனியாகப் பதில் சொல்லிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கே. பேறுகால ரத்த அழுத்த நோய் குழந்தை பிறந்தவுடன் முடிந்துவிடுவதில்லை. பிறந்தபின் ஆறு வாரம்வரை புதிதாகவே வரலாம், முதல் வாரத்தில் அதிகம். விடாத தலைவலி, பார்வையில் மின்னல், வலது விலாவுக்குக் கீழ் வலி, முகமும் கையும் திடீரென வீங்குவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பி.பி. பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, முதுகு சாய்ந்து, பாதம் தரையில், கை இதய உயரத்தில், பேசாமல் அளக்க வேண்டும். பட்டை கைக்குச் சிறிதாக இருந்தால் எண் கூடுதலாகக் காட்டும். 140/90 தொட்டால் அன்றே மருத்துவர், 160/110 என்றால் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். இந்த நோய் முற்றினால் வரும் வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட் என்ற மலிவான மருந்து இருக்கிறது. அது வலிப்பு அபாயத்தைப் பாதிக்கு மேல் குறைப்பதாக 2002-ல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. நேரத்துக்குப் போனால்தான் அது பயன்படும். முதுகில் ஊசி போட்டவர்களுக்கு உட்கார்ந்தால் பிளந்து, படுத்தால் தணியும் தலைவலி வேறொரு வகை. அதையும் சொல்லாமல் விடாதீர்கள்.

கேள்வி: நான்காம் நாளிலிருந்து மனைவி காரணமில்லாமல் அழுகிறாள். எவ்வளவு நாள் பொறுப்பது?

மூன்றாம், நான்காம், ஐந்தாம் நாள் அழுகை பெரும்பாலான தாய்மாருக்கு வருவது. ஹார்மோன் சரிவும் தூக்கமின்மையும் சேர்ந்து படுத்தும். இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். "இதுக்குப் போய் அழுவாங்களா" என்று கேட்காதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். இரண்டு வாரம் தாண்டியும் அழுகை, வெறுமை, குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராமை, எதிலும் விருப்பமின்மை என்று தொடர்ந்தால் அது மனச்சோர்வு, மருத்துவம் உள்ள நோய். இந்த மனச்சோர்வை அடையாளம் காண 1987-ல் உருவான எடின்பரோ அளவுகோலில் கடந்த ஏழு நாட்களைப் பற்றிப் பத்துக் கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண். அதைக் கேட்டு நிரப்பச் சொல்லுங்கள். பத்தாவது கேள்வி தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதில் பூஜ்யம் தவிர வேறு விடை வந்தால் மொத்த மதிப்பெண் எதுவானாலும் உடனே கவனிக்க வேண்டும்.

இரவெல்லாம் தூக்கமே தேவையில்லாததுபோல் பரபரப்பது, இல்லாத குரல் கேட்பது, குழந்தையைப் பற்றி விபரீதமாகப் பேசுவது, ஆள் குழம்பிப்போவது ஆகியவை வேறு. ஆயிரத்தில் ஓரிருவருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில் வரும். அவரையும் குழந்தையையும் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: தங்கைக்குப் பிரசவம். இரண்டு வாரம் போய்க் கூட இருக்கப் போகிறேன். எதை நான் செய்வது, எதை விடுவது?

நல்ல கேள்வி. உதவிக்கு வருகிறவர்கள் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொள்ள, பெற்றவள் எழுந்து எல்லோருக்கும் சமைப்பது பல வீடுகளில் நடக்கிறது. நீங்கள் அதைத் தலைகீழாக்குங்கள். குழந்தை அவளிடம் இருக்கட்டும். அடுப்பு, துணி, பாத்திரம், வாசலில் வந்து நிற்கும் விருந்தாளி எல்லாம் உங்களுடையது.

ஒரு நாளில் ஒருமுறையாவது நான்கு மணி நேரம் தொடர்ந்து அவள் தூங்க வேண்டும். பால் குடித்து முடித்த கையோடு குழந்தையை வாங்கிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுங்கள். பக்கத்தில் இருந்தால் ஒவ்வொரு முனகலுக்கும் விழித்துக்கொள்வாள். குழந்தை இடையில் பசித்தால் முன்பே பீய்ச்சிவைத்த பால் இருக்கட்டும். அறை வெப்பம் 25 டிகிரிக்குள் என்றால் நான்கு மணி நேரம், குளிர்பெட்டியில் நான்கு நாள் தாங்கும். முதல் நாட்களில் பீய்ச்சி எடுக்கப் போதாவிட்டால் எழுப்பிப் பால் கொடுக்க வைத்து மறுபடி படுக்கச் சொல்லுங்கள்.

பால் கொடுக்க உட்காரும் இடத்தில் கை எட்டும் தூரத்தில் தண்ணீர், தலையணை, செல்போன் சார்ஜர், துடைக்கும் துணி. இதை ஒருமுறை அடுக்கிவைத்து, காலியானதும் நிரப்புவது ஒரு வேலை. கழிவறையில் ஒரு குவளை. தையல் உள்ளவர்கள் சிறுநீர் கழிக்கும்போது வெதுவெதுப்பான நீரை ஊற்றிக்கொண்டே போனால் எரியாது. மலம் கழிக்கப் பயப்படுவாள். மேலைநாட்டுக் கழிப்பறை என்றால் காலடியில் சின்ன முக்காலி வைத்தால் முக்க வேண்டியிருக்காது.

தினம் காலையில் ஒரு நிமிடம் அவளைப் பற்றி மட்டும் கேளுங்கள்: ரத்தம் எப்படி, தலைவலி உண்டா, கால் வலிக்கிறதா, தூங்கினாயா, சிறுநீர் அடக்க முடிகிறதா. குழந்தையின் டயப்பர் எண்ணிக்கையைச் சுவரில் எழுதிவைக்கும் வீடுகளில்கூட இதை யாரும் கேட்பதில்லை. இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை நினைவூட்டுங்கள்: சிறுநீரையும் காற்றையும் அடக்குவதுபோல இறுக்கி, மூச்சை அடக்காமல், பத்து வரை எண்ணித் தளர்த்துவது. முதலில் மூன்று எண்ணிக்கைகூட நிற்காது, பரவாயில்லை. எட்டுப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை.

வளர்ப்பு முறை பற்றிய அபிப்பிராயங்களை மட்டும் ஊரிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

கேள்வி: பால் கொடுக்கும்வரை கருத்தரிக்காது என்பது உண்மையா?

மூன்றும் ஒன்றாக இருந்தால்தான்: குழந்தைக்கு ஆறு மாதம் நிறையவில்லை, இரவிலும் பகலிலும் தாய்ப்பால் மட்டுமே, மாதவிடாய் திரும்பவில்லை. மூன்றும் பொருந்தும்வரை சுமார் 98 சதவீதம் நம்பலாம். ஒன்று தவறினாலும் கணக்கு போயிற்று. மாதவிடாய் திரும்புவதற்கு முன்பே கருமுட்டை வெளியாகிவிடலாம், அதனால் "வரட்டும், பார்க்கலாம்" என்பது தாமதம். தாய்ப்பால் கொடுக்காதவர்களுக்கு நான்காவது வாரத்திலேயே கருத்தரிக்க வாய்ப்புண்டு. அடுத்த கர்ப்பத்துக்கு 24 மாதம் இடைவெளி நல்லது என்பதால், ஆறாம் வாரப் பரிசோதனைக்குப் போகும்போது இதை நீங்களே எடுத்துப் பேசுங்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையைப் பால் கொடுப்பவர்கள் குறைந்தது முதல் ஆறு வாரம் தொடக் கூடாது. காப்பர் டி, ஈஸ்ட்ரோஜன் இல்லாத மாத்திரை, ஆணுறை ஆகியவற்றால் பாலுக்குக் கெடுதலில்லை.